ஏழு முப்பத்தெட்டுக்கு எடுத்த படம்

இது நள்ளிரவில் நடக்கவில்லை. சுடுகாட்டுப் பக்கம் நடக்கவில்லை. கரண்ட் போகவில்லை, நாய் ஊளையிடவில்லை. மாலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில், டியூப் லைட் பளிச்சென்று எரியும் என் கடையில் நடந்தது. வாசலில் வடாபாவ் வண்டிக்காரர் எண்ணெயில் மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார். அந்த நெடியில் எனக்குத் தும்மல்கூட வந்தது. இருட்டில் பார்த்திருந்தால் கண் ஏமாற்றியது என்று நானே விட்டிருப்பேன். வெளிச்சத்தில் பார்த்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் விஜய். புனேயில், போபோடியில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில் எட்டுக்குப் பத்து அடியில் ஒரு கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் ஃபார்ம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. என் அப்பா தமிழ்நாட்டிலிருந்து பக்கத்துக் கட்கிக்குத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். நான் பிறந்ததே இங்கேதான். வீட்டில் மனைவி சரசா, ஒரே மகள் ஸ்நேஹா. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொடுப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஜெராக்ஸ் எடுக்க வந்தவரிடம் மிஷினின் மூடியைத் திறந்து காட்டுவேன். சரசா தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏங்க, அவரு ரெண்டு காப்பி எடுக்க வந்தாரு. கிளாஸ் எடுக்காதீங்க."

இப்போதும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தது எவ்வளவு தப்பான விஷயம் என்று புரிய வேண்டுமானால், சரியாக இருந்தால் எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மூன்றே விஷயம்.

கடையில் கேமரா கிடையாது. மானிட்டரின் தலையில் ஒரு வெப்கேம். கம்ப்யூட்டரில் படம் எடுக்கும் ஒரு சின்ன அப்ளிகேஷன். மானிட்டரை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்துவிடுவேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையில் தன்னைப் பார்த்துக்கொள்வார். நான் பக்கவாட்டில் நின்று மவுஸை அழுத்துவேன். மூன்று, இரண்டு, ஒன்று என்று திரையில் எண்கள் வரும். பிறகு திரை முழுவதும் அரை நொடி வெள்ளையாகும். அது முகத்துக்கு வெளிச்சம் கொடுக்க. கூடவே ஒரு 'க்ளிக்'. அவ்வளவுதான்.

முதல் விஷயம். திரையில் தெரியும் உங்கள் உருவம் எப்போதும் உங்களுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். கேமரா பார்த்து, கம்பி வழியாக அனுப்பி, கம்ப்யூட்டர் அதைத் திரையில் வரைய ஒரு கண்சிமிட்டும் நேரமாவது வேண்டும். நீங்கள் முதலில் அசைவீர்கள். அது அடுத்து அசையும்.

இரண்டாவது. வெப்கேமில் உங்கள் கண்ணை நீங்களே நேராகப் பார்க்க முடியாது. கேமரா மேலே, உருவம் கீழே. நீங்கள் உருவத்தைப் பார்த்தால், கேமராவுக்கு நீங்கள் கீழே பார்ப்பதாகத் தெரியும். அதனால் திரையில் உள்ள முகம் எப்போதும் சற்றுத் தாழ்ந்த பார்வையோடுதான் இருக்கும். இதற்காகவே சரசாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கேமராவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன். "பொட்டைப் பாருங்க" என்றால் பார்வை நேராகிவிடும்.

மூன்றாவதுதான் முக்கியம். படம் எடுப்பதற்கு முன் திரையில் தெரிவது கண்ணாடி மாதிரி இருக்கும். நீங்கள் வலது கையைத் தூக்கினால், திரையின் வலது பக்கத்தில் இருக்கும் கை எழும். உங்களுக்கு எதிரே வேறொரு ஆள் உட்கார்ந்து அவருடைய வலது கையைத் தூக்கினால் அது உங்களுக்கு இடது பக்கத்தில் அல்லவா தெரியும்? அந்த வித்தியாசம்தான். நாம் பிறந்ததிலிருந்து நம்மைக் கண்ணாடியில்தானே பார்த்திருக்கிறோம். அந்தப் பழக்கத்துக்காக அப்ளிகேஷனே படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டும். ஆனால் படத்தைச் சேமிக்கும்போது திருப்பாமல், உள்ளபடியே சேமிக்கும்.

என் கடையில் இதற்கு ஒரு சாட்சி இருந்தது. உட்காருபவருக்குப் பின்னால் வெள்ளைத் துணி. துணிக்குப் பக்கத்தில் சுவர்க் கடிகாரம். அதுவும் திரையில் விழும். நிஜத்தில் மணி ஏழு இருபது என்றால், திரையில் நான்கு நாற்பது போலத் தெரியும். முள் பின்னோக்கி ஓடும். குழந்தைகளுக்கு அதைக் காட்டினால் குதூகலமாகிவிடும்.

அந்த வெப்கேமை, இது நடந்த அக்டோபர் மாதம்தான் வாங்கியிருந்தேன். பழையது கெட்டுப்போனதால் காசார்வாடியில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் முகமது இஸ்மாயில் பாயிடம் போனேன். ஆம்பூர்க்காரர். நல்ல மனிதர்.

"கேமரா சூப்பர் விஜய். ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட். முன்னாடி வாங்கினவரு திருப்பிக் குடுத்துட்டாரு. படம் உல்டாவா வருதாம்."

நான் சிரித்தேன். "அது செட்டிங் பாய். அவருக்குத் தெரியல."

"அதான் நானும் சொன்னேன். கேக்கல. வச்சிட்டுப் போயிட்டாரு."

இன்னும் ஒன்று. ஸ்நேஹாவின் மூக்குத்தி.

நம் பக்கத்தில் பெண்கள் வலது பக்கம் குத்திக்கொள்வார்கள். இங்கே மராட்டிப் பெண்களுக்கு இடது. இது நடப்பதற்கு மூன்று மாதம் முன்னால் மூக்குக் குத்த ஸ்நேஹாவை நகைக்கடைக்குக் கூட்டிப்போனபோது, கடைக்காரர் பழக்கத்தில் இடது பக்கம் ஊசியைக் கொண்டுபோய்விட்டார். சரசா அவர் கையையே பிடித்துவிட்டாள். "அரே பையா, ரைட் சைட்! ரைட்!" அதிலிருந்து ஸ்நேஹாவுக்கு ஒரே குறை.

"காலேஜ்ல சப்கா லெஃப்ட்தான்மா. நான் மட்டும் உல்டா."

"நீதான் கரெக்ட். அவங்கல்லாம் உல்டா" என்பாள் சரசா.

அன்று செவ்வாய்க்கிழமை. நாக்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ் வேலைக்கு ஸ்நேஹா விண்ணப்பித்திருந்தாள். வீட்டில் எல்லோரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம். கடைசித் தேதி அன்றைக்கு, இரவு எட்டு மணி வரை. எல்லாம் ஏற்றிவிட்டோம். போட்டோவை மட்டும் இணையதளம் ஏற்கவில்லை. மூன்று மாதத்துக்குள் எடுத்தது வேண்டுமாம். ஏழே கால் மணிக்குக் கடைக்கு ஓடி வந்தாள்.

"அப்பா, ஜல்தி. ஒரு போட்டோ."

உட்கார வைத்தேன். 7.21. முதல் படம். கண்ணை மூடிவிட்டாள்.

7.27. இரண்டாவது. கீழே பார்த்துவிட்டாள். "பொட்டைப் பாரு கண்ணு" என்றேன். லோனாவளா லோக்கல் தடதடவென்று போனது. கடையின் ஷட்டர் அதிர்ந்தது. ரயில் போய் முடியட்டும் என்று காத்திருந்தோம்.

அப்போதுதான் முதல் தடவை கவனித்தேன்.

ஸ்நேஹா தலையைச் சாய்த்தாள். திரையிலும் தலை சாய்ந்தது. ஆனால் எனக்கு என்னவோ, திரையில் முதலில் சாய்ந்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்து இவள் சாய்ந்த மாதிரி.

இருக்காது. நான்தான் தப்பாகப் பார்த்தேன் என்று நினைத்தேன்.

7.33. மூன்றாவது படம். அவள் அசைந்தாளோ என்னவோ, கொஞ்சம் கலங்கலாக விழுந்தது. மற்றபடி எல்லாம் சரி. அவள் மூக்கின் வலது பக்கம் மூக்குத்தி மின்னியது.

"இன்னொண்ணு எடுத்திடலாம். நேரம் இருக்கு" என்றேன்.

ஸ்நேஹா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா."

"ம்?"

"இதுல என் கண்ணு என்னையே பார்க்குது."

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கடவுளே, அந்த உற்சாகத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. என் குழந்தை பயந்துபோய்ச் சொல்கிறாள். நான் வாத்தியார் வேலை பார்க்கிறேன்.

"அது முடியாது கண்ணு. கேமரா மேல இருக்கு, நீ பார்க்கறது கீழ. அதனால..."

"பார்க்குறாப்பா."

பார்க்குது என்று சொல்லவில்லை. பார்க்குறா என்றாள்.

குனிந்து திரையைப் பார்த்தேன். ஸ்நேஹாவின் முகம். தாழ்ந்த பார்வை இல்லை. நேரான பார்வை. பொட்டைப் பார்த்தால் அப்படி வரும். ஆனால் என் மகள் பொட்டைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேமரா கொஞ்சம் இறங்கியிருக்கும்" என்றேன். தொட்டுப் பார்த்தேன். இறங்கவில்லை.

மணி 7.35.

"முடியை காதுக்குப் பின்னால ஒதுக்கு. ரெண்டு காதும் தெரியணும்னு போட்டிருக்கான்."

ஸ்நேஹா வலது கையைத் தூக்கி வலது காதோரம் முடியை ஒதுக்கினாள்.

திரையின் வலது பக்கத்தில் கை எழ வேண்டும்.

இடது பக்கத்தில் எழுந்தது.

கண்ணாடி மாதிரி இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மாதிரி.

"ஓ... செட்டிங் மாறிடுச்சு" என்றேன். இஸ்மாயில் பாய் சொன்ன கம்ப்ளெயிண்ட். படம் உல்டா. இதுதானா என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. செட்டிங்கை மாற்ற மவுஸை நகர்த்தினேன்.

அப்போது திரையில் கடிகாரம் கண்ணில் பட்டது.

நான்கு இருபத்தைந்து.

முள் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

கடிகாரம் இன்னும் கண்ணாடியில்தான் இருந்தது. வெள்ளைத் துணியின் கிழிசல் கண்ணாடியில்தான் இருந்தது. நாற்காலியின் உடைந்த கை கண்ணாடியில்தான் இருந்தது.

அவள் மட்டும் இல்லை.

"அப்பா... வேணாம்பா." ஸ்நேஹாவின் குரல் சின்னதாகிவிட்டது. "வேற கடைல எடுக்கலாம்."

"இந்நேரத்துக்கு எங்க போய் எடுக்கறது? எட்டு மணிக்கு மூடிடுவான். ஒரே ஒரு படம். பொட்டைப் பாரு."

நான்தான் சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். ஒரே ஒரு படம் என்று.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு பொட்டைப் பார்த்தாள்.

மவுஸை அழுத்தினேன்.

மூன்று...

திரையில் இருந்தவள் முடியை இன்னொரு தடவை ஒதுக்கினாள்.

இரண்டு...

என் மகளின் இரண்டு கையும் மடியில் இருந்தன.

ஒன்று...

திரை வெள்ளையானது.

க்ளிக்.

கூடவே இன்னொரு சத்தம். நாற்காலி கிறீச்சிடும் சத்தம். யாரோ எழுந்திருப்பது போல. அது ஸ்நேஹாவின் நாற்காலியிலிருந்து வரவில்லை.

ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

அரை நொடிதான் வெள்ளை இருக்க வேண்டும். அன்று நான் மனதுக்குள் நான்கு வரை எண்ணினேன்.

பிறகு திரை தெளிந்தது. சேமித்த படம் வந்து நின்றது. வாசலில் எண்ணெய் சலசலத்தது. மணி 7.38.

"சரியா வந்துச்சாப்பா?"

ஸ்நேஹா சாதாரணமாகக் கேட்டாள். குரலில் பயம் இல்லை. நான் திரும்புவதற்குள் அவள் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். முடி முகத்தை மறைத்திருந்தது.

படத்தைப் பார்த்தேன். தெளிவான படம். பார்வை நேராக இருந்தது. இரண்டு காதும் தெரிந்தன. ஒன்றே ஒன்றுதான் தப்பு. மூக்குத்தி இடது பக்கம் இருந்தது.

செட்டிங் கோளாறில் சேமித்த படமும் உல்டாவாகிவிட்டது என்று நினைத்தேன். மணி ஏழு நாற்பதைத் தாண்டியிருந்தது. யோசிக்க நேரமில்லை. முகத்தை மட்டும் வெட்டினேன். இடவலமாகத் திருப்பும் பொத்தானை அழுத்தினேன். மூக்குத்தி வலது பக்கம் வந்தது. இப்போது என் மகள் மாதிரி இருந்தாள். ஏற்றினேன். தளம் ஏற்றுக்கொண்டது. 7.52.

"முடிஞ்சுது கண்ணு!"

நிமிர்ந்து பார்த்தேன். ஸ்நேஹா கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் மூக்குத்தி இருந்தது. இடது உள்ளங்கையில்.

"மூக்கு வலிக்குதுப்பா. கழட்டிட்டேன்."

கடையைப் பூட்டிவிட்டுச் சேர்ந்து நடந்தோம். சந்து முனையில் எங்கள் வீட்டுக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். பத்தொன்பது வருடமாக அவள் திரும்பும் வலது பக்கம்.

அவள் இடது பக்கம் திரும்பினாள்.

நான்கு அடி போய் நின்றாள். என்னைப் பார்த்தாள். "மறந்துட்டேன்" என்றாள்.

வீட்டுக் கதவைத் திறந்ததும் லைட் போடக் கையை நீட்டினாள். சுவிட்ச் வலது பக்கச் சுவரில் இருக்கிறது. அவள் கை இடது பக்கச் சுவரைத் தடவியது... தடவிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலையில் இடது கையால் டீ குடித்தாள். இடது கையால் எழுதினாள். சரசா கேட்டதற்கு, வலது மணிக்கட்டில் வலி என்றாள். பத்து நாள் கழித்து மூக்குத்தியை மறுபடி போட்டுக்கொண்டாள். இடது பக்கம். வீட்டில் பெரிய சண்டை.

"எவ்ளோ சொன்னேன்! என்னைக் கேக்காம போய் குத்திக்கிட்டு வந்திருக்கா பாருங்க!"

"காலேஜ்ல சப்கா லெஃப்ட்தான்மா" என்றாள் ஸ்நேஹா. அதே குறை. அதே வார்த்தை.

அவள் தூங்கும்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். மூக்கின் வலது பக்கத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. "துளை தூந்து போயிருக்கும்ங்க" என்றாள் சரசா. பத்தே நாளில் தழும்புகூட இல்லாமலா?

மறுநாள் காலையில் கடைக்குப் போய் நான்காவது படத்தின் அசலைத் திறந்தேன். அன்று அவசரத்தில் முகத்தை வெட்டிய பிறகு, வெட்டாத படத்தை மறுபடி பார்க்கவே இல்லை. வெட்டாத படத்தில் கடிகாரம் இருந்தது.

7.38.

சரியாக, நேராக, 7.38. திரும்பியிருந்தால் 4.22 காட்டியிருக்கும்.

படம் உல்டா ஆகவில்லை. உள்ளதை உள்ளபடிதான் கேமரா எடுத்திருந்தது. நாற்காலியில் இருந்தவள்தான்...

வெப்கேமைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு காசார்வாடிக்கு ஓடினேன். இஸ்மாயில் பாயிடம் இதைத் திருப்பிக் கொடுத்தவரின் நம்பரைக் கேட்டேன். போசரியில் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஆரோக்கியசாமி என்று ஒருவர். தமிழ்க்காரர். பாயின் கடை வாசலிலேயே நின்று போன் செய்தேன். காலை 11.10.

"சார், இஸ்மாயில் பாய் கடைல நீங்க திருப்பிக் குடுத்த கேமரா..."

அந்தப் பக்கம் லேத் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது.

"உங்க வீட்ல யாரு?" என்று கேட்டார்.

அவ்வளவுதான் கேட்டார். வேறெதுவும் கேட்கவில்லை.

"என் பொண்ணு" என்றேன்.

அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பின் அந்த நம்பர் கிடைக்கவே இல்லை.

கேமராவை நான் பாயிடம் கொடுக்கவில்லை. வேறு யாருக்காவது விற்றுவிடுவார். உடைக்கவும் மனம் வரவில்லை. அதை உடைத்துவிட்டால்... அந்தப் பக்கத்தில் இருப்பவளுக்கு வேறு வழி ஏது? துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு, கடையிலேயே பூட்டி வைத்திருக்கிறேன்.

வருத்தம் தாங்காத சில மாலைகளில் எடுத்து மாட்டுவேன். 7.38க்கு நாற்காலியில் உட்காருவேன். திரையில் நான் மட்டுமே தெரிவேன். என் அசைவு எனக்குப் பின்னால் வரும். பார்வை கொஞ்சம் தாழ்ந்திருக்கும். கண்ணாடி மாதிரியே இருப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். "ஸ்நேஹா..." என்று கூப்பிடுவேன். சில நாள், திரையின் வலது ஓரத்தில் வெள்ளைத் துணி லேசாக அசையும். திரும்பிப் பார்த்தால் நிஜத் துணி அசையாமல் தொங்கும்.

ஃபேனை அணைத்துவிட்டுத்தான் உட்காருகிறேன்.

வீட்டில் இருப்பவள் நல்ல பெண். அதையும் சொல்ல வேண்டும். அம்மாவுக்குச் சப்பாத்தி உருட்டித் தருகிறாள். அதே ஹிந்தி கலந்த தமிழ்தான் பேசுகிறாள். அதே சிரிப்பு. ஒரே ஒரு வித்தியாசம். எல்லாவற்றிலும் ஒரு கணம் முந்துகிறாள். பெல் அடிப்பதற்கு முன் எழுந்துவிடுகிறாள். நான் "ஸ்நே..." என்று வாயெடுப்பதற்குள் "ம்?" என்கிறாள்.

ஜனவரியில் அந்த வேலை கிடைத்தது. ஹால் டிக்கெட்டிலிருந்து எல்லாக் காகிதத்திலும் நான் திருப்பி ஏற்றிய அந்தப் படம்தான். உடல் தகுதிச் சான்றுக்கு நெஞ்சு எக்ஸ்ரே கேட்டார்கள். ஒரு தனியார் எக்ஸ்ரே சென்டருக்குப் போனோம்.

எடுத்தவர் வெளியே வந்து தலையைச் சொறிந்தார். "சாரி அங்கிள், பிளேட் உல்டா ஆயிடுச்சு போல. இன்னொரு தடவை எடுக்கறேன்" என்று ஹிந்தியில் சொன்னார்.

இன்னொரு தடவை எடுத்தார். மூன்றாவது தடவை அவரே கையைப் பிடித்துப் பக்கம் பார்த்து, எது வலது என்று காட்டும் அடையாள எழுத்தை ஒட்டி எடுத்தார்.

டாக்டர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

"பயப்படாதீங்க. உங்க பொண்ணுக்கு ஹார்ட் வலது பக்கம் இருக்கு. கல்லீரல்கூட மாறித்தான் இருக்கும். பிறவியிலேயே சில பேருக்கு இப்படி இருக்கும். ஒண்ணும் பிரச்சினை இல்ல. இத்தனை வருஷமா தெரியாதா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். ஸ்நேஹாவுக்கு ஒன்பது வயதில் நிமோனியா வந்தது. அப்போது எடுத்த எக்ஸ்ரேவைக் காக்கி உறையோடு வைத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

இதயம் இடது பக்கம் இருந்தது.

மறுநாள் டாக்டரிடம் காட்டினேன். "ஃபிலிமைத் திருப்பிப் பிடிச்சிருப்பீங்க" என்றார். இல்லை. ஓரத்தில் வலது பக்கத்தைக் குறிக்கும் எழுத்து இருந்தது. திருப்பிப் பிடித்தால் எழுத்தும் திரும்பியிருக்கும். அது நேராக இருந்தது. கடிகாரத்தைப் போல. டாக்டர் ஃபிலிமை மறுபடி விளக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு, "வேற யாரோட ஃபிலிமோ கலந்திருக்கும்" என்று என்னிடம் நீட்டினார். உறையில் மட்டுமல்ல, ஃபிலிமிலேயே அவள் பெயர் இருந்தது.

சரசாவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.

போன மாதம் அவளை நாக்பூருக்கு அனுப்பினோம். புனே ஸ்டேஷன். மாலை 5.50. சரசா அழுதுகொண்டே சப்பாத்திப் பொட்டலத்தைக் கொடுத்தாள். வண்டி ஊதியது. போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன்.

"போனதும் போன் பண்றேன்பா" என்றாள்.

பிறகு என்னைக் கட்டிக்கொண்டாள்.

கடைசியாக ஒன்றே ஒன்றை விளக்கிவிடுகிறேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று அணைத்துக்கொண்டால், உங்கள் இதயம் உங்கள் இடது பக்கம் துடிக்கும். மற்றவருடையது உங்கள் வலது பக்கம் துடிக்கும். இரண்டும் நேருக்கு நேர் வராது. எந்த அப்பாவுக்கும் எந்த மகளுக்கும் வராது. கண்ணாடிமேல் நெஞ்சைச் சாய்த்தால்தான் உங்கள் இதயத்துக்கு நேர் எதிரே இன்னொன்று இருக்கும்.

எனக்கு நேர் எதிரே இருந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தேன்.

டக்... டக்.

டக்... டக்.

இரண்டும் ஒரே துடிப்புதான். ஒன்றின் பின்னால் ஒன்று.

அவளுடையது முதலில்.

என்னுடையது, ஒரு கண்சிமிட்டும் நேரம் கழித்து.